ஈரத்தை நம்பிய செடி

வடகீழ்ப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு கார்த்திகை மாதத்தில் கல்முனைக் கரையை வந்தடையும்போது, அதுவரை கச்சான் காற்றால் வெதும்பிக் கிடந்த கிணற்றுக் கட்டுகளும், மதிற்சுவர்களின் அடிப்புறங்களும், பள்ளிவாசல் ஹவுளின் ஓரக் கற்களும் சில நாள்களுக்குள் ஒரு மெல்லிய பசுமையை உடுத்திக்கொள்வதை இக்கரையில் வாழ்வோர் அனைவரும் அறிவர். வழுக்கிவிடுமென்று அஞ்சித் தென்னந்தும்பினால் தேய்த்துக் கழுவப்படும் அப்பசுமையை உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்குவோர்க்கு, அது ஒரே வகைப் பொருளன்று என்பதும், அல்காக்களும் பாசிகளும் ஈரலுருத் தாவரங்களும் தத்தமக்குரிய இடத்தைத் தேர்ந்து அமர்ந்திருக்கும் ஒரு சிறு வனமே அது என்பதும் புலனாகும். அவ்வனத்தின் குடிகளுள் மிகவும் குறைவாக அறியப்பட்டவை ஈரலுருத் தாவரங்கள். அவற்றுள்ளும் நமது கரையின் மாரி மழை ஓய்ந்தவுடன் மறைந்துபோகும் இனங்களைப் போலன்றி, ஆண்டு முழுவதும் நீர் கசியும் அமில நிலத்தையே உறைவிடமாகக் கொண்ட ஒரு சிறு செடியைப் பற்றி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈரலுருத் தாவரங்கள் உலகெங்கும் 7,000 இனங்களுக்கு மேற்பட்டவை. ஈரலின் மடல்களை ஒத்த தட்டையான உடலுடைய சிலவற்றைக் கண்டு முன்னோர் இட்ட பெயர், இலைகளை வரிசையாகத் தாங்கி நிற்கும் ஏனையவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று. இவற்றுக்குப் பூவில்லை, கனியில்லை, வித்தில்லை. மண்ணைத் துளைத்துச் சென்று நீரைத் தேடும் வேரும் இல்லை. அடிப்புறத்திலிருந்து மயிர்போல நீளும் வேர்ப்போலிகள் செடியை நிலத்தோடு பற்றவைக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே கலத்தாலானது. மற்றத் தரைத்தாவரங்களிற் பெரும்பாலானவை காற்றை அளந்து உட்கொள்வதற்கும், நீராவி வீணே வெளியேறாது தடுப்பதற்கும் பயன்படுத்தும் திறந்து மூடும் இலைவாய்கள் ஈரலுருத் தாவரங்களில் ஒன்றிற்கேனும் இல்லை என்பது தாவர சாஸ்திரத்தில் விசேஷமாகக் குறிப்பிடத்தக்கதொன்று. தன் உடலினின்றும் வெளியேறும் நீரைக் கட்டுப்படுத்தும் கதவே இல்லாத ஒரு ஜீவராசி, தான் வாழும் இடத்தின் ஈரத்தையே தன் பாதுகாப்பாகக் கொள்ள வேண்டியதாகிறது.

இந்நிலையை ஈரலுருத் தாவரங்கள் இருவேறு வழிகளில் எதிர்கொண்டுள்ளன. முதலாவது வழி, வறட்சி வருமென்று எதிர்பார்த்து அதற்கு முன்னரே வாழ்வை முடித்துக்கொள்ளும் வழி. வெப்பநாடுகளின் நெல்வயல்களில், வெள்ளாண்மை வெட்டியபின் ஈரங் காயாதிருக்கும் வரம்போரங்களிலும் வாய்க்காற் கரைகளிலும், இரண்டிரண்டாகக் கிளைத்துச் சிறு வட்டமாகப் படர்ந்திருக்கும் ரிக்சியா என்னும் இனத்தொகுதி இதற்குத் தக்க உதாரணமாகும். மண் ஈரமாயிருக்கும் சில வாரங்களுக்குள் அது வளர்ந்து, கருவுற்று, தன் உடலுக்குள்ளேயே வித்திகளை முதிரச் செய்து, தாயுடல் அழுகி அழிந்த பின்னர் அவற்றை மண்ணிடம் ஒப்படைத்துவிடுகிறது. கனத்த சுவருடைய அவ்வித்திகள் அடுத்த மழையை மண்ணுக்குள் இருந்தே எதிர்பார்க்கின்றன. பெரும்போகமும் சிறுபோகமும் மாறி மாறி வரும் வட்டைகளுக்கு இயைந்த வாழ்க்கை இது.

இரண்டாவது வழி, வறட்சியே வாராத இடத்தைத் தேர்ந்து அங்கேயே தங்கிவிடுவது. இவ்வழியில் வாழும் இனங்களுள் ஒன்றே பல்லவிசீனியா லயெலி. இலங்கை, இந்தியா முதலிய கீழைத்தேயங்களிலும், ஐரோப்பாவிலும், அமெரிக்காவிலும், அதாவது உலகின் வெப்பவலயத்திலும் இடைவெப்பவலயத்திலும் பரவலாக இவ்வினம் காணப்படினும், எங்கும் அது நாடும் இடம் ஒரே தன்மையதாகவே இருக்கிறது: நிழல் வேண்டும், நீர் வற்றாதிருக்க வேண்டும், மண்ணும் நீரும் அமிலத்தன்மை உடையனவாயிருக்க வேண்டும். ஓடைகளின் மண்கரைகளும், உக்கிய மரக்கட்டைகளும், நீர் கசியும் மணற்பாறைகளும், சதுப்புநிலத்துப் புற்றிட்டுகளின் பக்கங்களும் அதற்கு உவந்த இடங்களாகும்.

ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவான மழையை, அதுவும் சில மாதங்களுக்குள்ளேயே பெற்று, எஞ்சிய காலத்தைக் குளத்து நீரையும் கிணற்று நீரையும் நம்பிக் கழிக்கும் உலர்வலயத்தவராகிய நாம், ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயத்து நிலங்களை வேறொரு தேசமாகவே கருதிவிடுகிறோம். ஆயினும் பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் ஊற்றெடுத்து, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரமாகத் தேங்கி, அம்பாறை வயல்வெளிகளை வளப்படுத்தி, கல்முனைக்குத் தெற்கே கடலோடு கலக்கின்ற கல்லோயா, அதாவது நம்மவர் பட்டிப்பளை ஆறென்று வழங்கும் ஆறு, மலையின் ஈரமும் கரையின் நெல்லும் ஒரே சங்கிலியின் இரு முனைகள் என்பதற்குப் பிரத்தியட்சப் பிரமாணமாய் விளங்குகிறது. ஆதலால் மலைநாட்டின் ஈரத்தில் வாழும் ஒரு சிறு செடியின் இயல்பை அறிவது கடற்கரை வாசிக்கும் அயலான காரியமன்று.

இச்செடிக்குப் பெயர் வந்த வரலாறு சுருக்கமாகவேனும் சொல்லத்தக்கது. இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள நியூ ஃபாரஸ்ட் என்னும் வனப்பிரதேசத்தில் வாழ்ந்து, தாவரங்களைச் சேகரிப்பதிலும் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் செய்யுள்களை மொழிபெயர்ப்பதிலும் தம் காலத்தைச் செலவிட்டவர் சார்ள்ஸ் லயெல் என்னும் கனவான். பூமியின் மாற்றங்கள் இன்றும் நம் கண்முன் நிகழும் மெதுவான சக்திகளாலேயே விளைந்தன என்று நிறுவிப் புவிச்சரித சாஸ்திரத்தை உறுதிப்படுத்திய சேர் சார்ள்ஸ் லயெல் இவருடைய புதல்வராவார். பிற்காலத்தில் கியூ தாவரவியற் பூங்காவின் அதிபராகப் புகழ்பெற்ற வில்லியம் ஜாக்சன் ஹூக்கர், 1812 முதல் 1816 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பிரித்தானிய ஈரலுருத் தாவரங்களைப் பற்றிய தம் சித்திர நூலில் இவ்வினத்தை விவரித்து, தந்தை லயெலின் பெயரை இதற்குச் சூட்டினார். பல்லவிசீனியா என்னும் சாதிப்பெயரோ 1821 ஆம் ஆண்டில் சாமுவேல் கிறே என்பவரால், ஜெனோவா நகரத்துப் பேராயராயிருந்த பல்லவிசினி என்பாரின் நினைவாக இடப்பட்டது.

இனிச் செடியின் உருவத்தை நோக்குவோம். சில மில்லிமீற்றர் அகலமும், சில சென்ரிமீற்றர் நீளமும் உடையதாய், வெளிறிய பச்சை நிறத்ததாய், நிலத்தோடு படிந்தோ சற்று நிமிர்ந்தோ வளரும் ஒரு நாடாவே அதன் முழு உடல். தண்டென்றும் இலையென்றும் வேறுபடுத்த இயலாத இத்தகைய உடலைப் பிரிவிலி என்பர். வாழையிலையின் நடுவே தண்டு ஓடுவதுபோல இந்நாடாவின் நடுவிலும் தடித்த நரம்பொன்று நுனிவரை ஓடுகிறது. அந்நரம்புக்கு இருபுறமும் விரிந்திருக்கும் சிறகுகள் ஒரே ஒரு கலத்தின் தடிப்பையே உடையன. ஆகவே அச்சிறகின் ஒவ்வொரு கலமும் மேற்புறத்தாலும் கீழ்ப்புறத்தாலும் வெளியுலகை நேரே தொட்டுக்கொண்டிருக்கிறது. தன்மேல் வந்து விழும் நீர்த்துளியையும், அதில் கரைந்துள்ள உப்புகளையும், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் எவ்விதத் தரகுமின்றிப் பெற்றுக்கொள்கிறது. பெறுவது எளிதாயிருப்பது போலவே இழப்பதும் எளிதாகிவிடுகிறது. நிழல் நீங்கி வெயில் பட்டால், அல்லது கசிவு நின்று காற்று உலர்ந்தால், அச்சிறகில் நீர் தங்குவதற்குரிய ஆழம் எங்கும் இல்லை.

எனினும் இந்த எளிய உடலுக்குள் ஓர் அற்புதம் மறைந்திருக்கிறது. நடுநரம்பைக் குறுக்கே வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால், அதன் மத்தியில் ஒடுங்கிய கலங்களாலான ஒரு தனி இழை தோன்றும். நரம்பின் போக்கிலே நீண்டு வளரும் இக்கலங்கள், முதிர்ச்சியடைந்ததும் தம் உயிர்ப்பொருளை முற்றிலும் இழந்து, கனத்த சுவர்களை மட்டும் எஞ்சவைத்து வெறுங் குழாய்களாகிவிடுகின்றன. அச்சுவர்களிலே சூட்சுமமான துளைகள் உண்டாகி, ஒரு குழாயிலிருந்து மற்றொன்றுக்கு நீர் தடையின்றிச் செல்ல வழிசெய்கின்றன. உயிரோடிருக்கும் கலம் நீரைத் தன் வழியே மெதுவாகத்தான் செல்லவிடும். தான் இறந்து வெறுமையான கலமே நீருக்கு நல்ல பாதையாகிறது. தென்னை மரத்தின் உச்சிக்கு நீரேற்றும் காழ்க்கலங்களும் இதே நியாயத்தின்படியே அமைந்திருக்கின்றன. ஆனால் தென்னையின் காழ்க்கலச் சுவர்களை உறுதிப்படுத்தும் இலிக்னின் என்னும் பொருள் பல்லவிசீனியாவின் குழாய்களில் இல்லை. துளைகள் உண்டாகும் முறையும் வேறு. இவற்றை ஆராய்ந்தோர், பெருமரங்களின் குலத்தில் ஒருமுறையும், ஈரலுருத் தாவரங்களின் குலத்தில் தனியாகவும் இவ்வுபாயம் தோன்றியதென்று கொள்கின்றனர். ஒரே தேவை இருவேறு வம்சங்களை ஒரே தீர்வுக்கு இட்டுச் சென்றிருப்பது இயற்கையின் ஒழுங்கை எண்ணிப் பார்ப்போர்க்கு ஆழ்ந்த மகிழ்ச்சி தருவதாகும்.

அமிலத்தன்மையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; இச்செடியின் வாழ்வு அதிலேதான் தங்கியிருக்கிறது. நீரின் அமிலத்தன்மையை அளக்கும் பீ.எச். அளவையில் 7 நடுநிலையைக் குறிக்கும். அதற்குக் குறைந்தவை அமிலம், மிகுந்தவை காரம். இவ்வளவையில் ஓர் எண் குறையுந்தோறும் ஐதரசன் அயன்களின் செறிவு பத்து மடங்காகப் பெருகுகிறது. கல்முனைக் கடலின் நீரும், உலகின் ஏனைய கடல்நீர் போலவே, ஏறத்தாழ 8 என்னும் அளவினது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு விழும் தூய மழைநீர் ஏறத்தாழ 5.6, பாசி செறிந்த சதுப்புநிலத்து நீரோ 4 என்னும் அளவுக்கும் இறங்கக்கூடும். கடல்நீருக்கும் அச்சதுப்பு நீருக்கும் இடையிலுள்ள நான்கு எண்களின் வித்தியாசம் ஐதரசன் அயன்களின் செறிவில் பதினாயிரம் மடங்கு வித்தியாசமாகும்.

இவ்வமிலம் எங்கிருந்து வருகிறது? ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நிலத்திலே, மண்ணிலுள்ள கல்சியம், மக்னீசியம் முதலிய காரத் தன்மையுள்ள சத்துக்கள் இடையறாது கழுவப்பட்டு ஆறுகளின் வழியே கடலை அடைந்துவிடுகின்றன. அவை விட்டுச் சென்ற இடத்தை ஐதரசன் அயன்களும், அமில மண்ணில் கரைந்தெழும் அலுமினியமும் பற்றிக்கொள்கின்றன. நீர் தேங்கிய இடங்களில் ஒட்சிசன் குறைவாயிருப்பதால் உதிர்ந்த இலைகளும் மடிந்த பாசிகளும் முற்றாக உக்காமல் கருநிறப் படையாகச் சேர்ந்து, கரிமச் சேர்வைகளாலான அமிலங்களை நீரில் கலக்கின்றன. ஸ்பாக்னம் என்னும் சதுப்புப் பாசிகளோ, நீரிலுள்ள கல்சியம் போன்ற அயன்களைத் தம் கலச்சுவர்களில் பிணித்துக்கொண்டு அவற்றுக்கு ஈடாக ஐதரசன் அயன்களை வெளிவிடுவதால், தாம் வாழும் நீரைத் தாமே மேலும் அமிலமாக்குகின்றன. தன் உலர்ந்த நிறையின் 20 மடங்கு வரை நீரைப் பிடித்துவைக்கும் வல்லமையுள்ள இப்பாசிக் குலத்தில், இலங்கையின் பெயரைத் தாங்கிய ஸ்பாக்னம் சிலானிக்கம் என்னும் இனமும் உண்டு. சிப்பியும் சங்கும் பொடிந்து கலந்த மணலையுடைய கடற்கரையில், கல்சியம் கரைந்த கிணற்று நீரில், இத்தகைய தாவரங்கள் வேரூன்றாமைக்குக் காரணம் வறட்சி மட்டுமன்று என்பது இதனால் விளங்கும்.

சத்துக்கள் கழுவப்பட்ட, ஒட்சிசன் குன்றிய, அமிலம் மிகுந்த நிலம் பெரும்பாலான செடிகளுக்குத் துன்பம் தரும் இடமாகும். அலுமினியம் வேர்நுனிகளைக் கெடுக்கிறது. பொசுபரசு மண்ணோடு பிணைந்து கிடைத்தற்கரியதாகிறது. ஆயின் உயரமாகவும் விரைவாகவும் வளரும் புற்பூண்டுகளைத் தடுத்துநிறுத்தும் அவ்வறுமையே, ஒரு கலத் தடிப்புள்ள சிறகை விரித்துத் தரையோடு கிடக்கும் பல்லவிசீனியாவுக்கு வேலியாக அமைகிறது. வளமான மண்ணில் அது இறப்பதற்கு மண் ஒரு காரணமாயிருப்பினும், அண்டையில் ஓங்கி வளரும் செடிகளின் நெருக்கம் அதனினும் பெரிய காரணமாகும். வயல்களிலும் தோட்டங்களிலும் இடும் உரம் வழிந்து இத்தகைய நிலங்களைச் சேருமாயின், நாம் வளமென்று எண்ணிச் சேர்த்தது அச்சிறு குடிக்கு அழிவாய் முடிகிறது.

சத்துக்குன்றிய மண்ணில் வேரில்லாத செடி எவ்வாறு பசியாறுகிறது என்ற கேள்விக்கு விடைகாணும் முயற்சியில், பிரிவிலியுடைய ஈரலுருத் தாவரங்கள் பலவற்றின் உடலுக்குள் பங்கசு இழைகள் உறவாடி வாழ்வதை ஆராய்ச்சியாளர் கண்டனர். மார்க்கான்சியா பலேசியா என்னும் ஈரலுருத் தாவரத்தை வைத்து இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் நடத்தி 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பங்கசு மண்ணிலிருந்து பொசுபரசைத் திரட்டிச் செடிக்கு அளிப்பதையும், செடி தன் ஒளித்தொகுப்பால் ஆக்கிய காபன் உணவைப் பங்கசுக்கு அளிப்பதையும் நிறுவிற்று. தென்னையும் நெல்லும் உள்ளிட்ட எண்ணற்ற தாவரங்களின் வேர்களில் இன்றும் நடைபெறும் இக்கொடுக்கல் வாங்கல், வேர் என்னும் அங்கம் தோன்றுவதற்கு முன்னரே தொடங்கிவிட்டது என்னும் கொள்கைக்கு இவ்வாய்வு வலுவூட்டுகிறது.

ஈரமும் மென்மையும் உள்ள ஓர் உடல் பூச்சிகளுக்கும் நத்தைகளுக்கும் எளிய உணவாகிவிடாமல் எவ்வாறு தப்புகிறது? ஈரலுருத் தாவரங்களின் கலங்களுக்குள், மென்சவ்வினால் சூழப்பட்ட எண்ணெய்ச் சிற்றுறுப்புகள் இருக்கின்றன. வேறெந்தத் தாவரக் குலத்திலும் இத்தகைய உறுப்பு இல்லை. அவற்றிலே சேமிக்கப்பட்ட வாசனையும் கார்ப்பும் கசப்புமுள்ள இரசாயனப் பொருள்கள் பாதுகாப்புக்கானவை என்று நெடுங்காலம் ஊகிக்கப்பட்டு வந்தது. 2020 ஆம் ஆண்டில், எண்ணெயுறுப்புகள் உண்டாகாதவாறு மரபணு மாற்றம் பெற்ற மார்க்கான்சியாச் செடிகளை, ஈரமண்ணில் வாழும் நண்டுக்கு உறவான சிறு பிராணிகளின் முன் வைத்தபோது, அவை இயல்பான செடிகளைவிட மாற்றம் பெற்ற செடிகளையே விரும்பித் தின்றன; ஊகம் நிரூபணமாயிற்று.

பல்லவிசீனியாவின் இல்வாழ்க்கை அதன் உடலமைப்பிலும் விந்தையானது. பல்லவிசீனியா லயெலியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியின் நடுநரம்பை ஒட்டிச் சிறு செதில்களால் மூடப்பட்ட விந்துப் பைகள் வரிசையாக அமைகின்றன. பெண் செடியின் நடுநரம்பின் மேலே, விளிம்பு கிழிந்த சிறு கிண்ணமொன்றின் நடுவில், முட்டையைத் தாங்கிய கழுத்து நீண்ட சாடிகள் கூட்டமாக நிற்கின்றன. மழைத்துளி தெறித்து இரு செடிகளுக்கும் இடையே நீர்ப்படலம் பரவும்போதுதான், இரண்டு சாட்டைமயிர்களை அசைத்து நீந்தும் விந்துக்கள் அச்சாடிகளை அடைய இயலும். காற்றும் வண்டும் பூக்களுக்குச் செய்யும் தூதுத்தொழிலை இங்கே நீர் ஒன்றே செய்கிறது. நீரில் வாழ்ந்த மூதாதையரின் வழக்கத்தைக் கைவிடாது தரையேறிய குலம் இது.

இனவிருத்தியின் இச்சக்கரத்தை முதன்முதலாகத் தெளிவுறக் கண்டவர் ஜெர்மனி நாட்டு லைப்சிக் நகரத்தில் இசைநூல் வியாபாரம் செய்துகொண்டே, பல்கலைக்கழகக் கல்வியின்றித் தம் முயற்சியால் தாவரவியல் கற்ற வில்லெல்ம் ஹொப்மைஸ்டர் என்பவர். 1851 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், ஈரலுருத் தாவரங்கள், பாசிகள், பன்னங்கள், ஊசியிலை மரங்கள் ஆகிய அனைத்திலும் இரு சந்ததிகள் மாறி மாறி வருகின்றன என்பதைக் காட்டிற்று. பாலணுக்களை ஆக்கும் சந்ததி ஒன்று. அதனைப் புணரித்தாவரம் என்பர். கருவிலிருந்து வளர்ந்து வித்திகளை ஆக்கும் சந்ததி மற்றொன்று. அதனை வித்தித்தாவரம் என்பர். மாமரத்திலும் நெல்லிலும் நாம் காண்பது வித்தித்தாவரம். அவற்றின் புணரித்தாவரம் மகரந்த மணியிலும் சூலிலும் ஒடுங்கி மறைந்துவிட்டது. பல்லவிசீனியாவிலோ இம்முறை தலைகீழாயிருக்கிறது. நாம் காணும் பச்சை நாடா புணரித்தாவரமே. அதன் ஒவ்வொரு கலத்திலும் நிறமூர்த்தங்கள் ஒரே தொகுதியாகவே உள்ளன. நம் உடற்கலங்களில் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு தொகுதிகள் இருப்பதை நினைத்துப் பார்த்தால் இதன் தனித்தன்மை விளங்கும். ஒரு தொகுதியில் குறையொன்று நேர்ந்தால் அதை ஈடுசெய்ய மற்றொன்று இங்கே இல்லை. தாவரங்களிலும் பாலை நிர்ணயிக்கும் நிறமூர்த்தங்கள் உண்டு என்னும் உண்மை உலகுக்கு முதன்முதல் தெரியவந்ததும் ஓர் ஈரலுருத் தாவரத்தின் வாயிலாகவே: 1917 ஆம் ஆண்டில் சார்ள்ஸ் அலன் என்னும் அமெரிக்கர் ஸ்பெரோகார்ப்பஸ் என்னும் சாதியில் அவற்றைக் கண்டறிந்தார்.

கருவுற்ற முட்டை தாய்ச்செடியை விட்டு நீங்குவதில்லை. அங்கேயே வளர்ந்து, தாயின் உடலில் புதைந்த பாதத்தின் வழியே உணவு பெற்று, உருளைவடிவான வித்திப்பை ஒன்றை உருவாக்குகிறது. வித்திகள் முதிரும் வரை தாயின் உறைகளுக்குள் மறைந்திருக்கும் அப்பையை, காலம் கனிந்ததும் வெண்ணிறக் காம்பொன்று விரைந்து மேலே உயர்த்துகிறது. இக்காம்பு புதிய கலங்களை ஆக்கி வளர்வதில்லை. முன்னமே ஆயத்தமாயிருந்த கலங்கள் நீரை உறிஞ்சி நீள்வதாலேயே சில நாள்களுக்குள் நிமிர்கிறது. பை பிளந்தவுடன், வித்திகளோடு கலந்திருக்கும் சுருள் இழைகள் உலர உலர முறுக்கேறி, முறுக்கின் உச்சத்தில் திடீரென விடுபட்டு, வித்திகளைக் காற்றில் எறிகின்றன. வாழ்நாள் முழுவதும் ஈரத்தை வேண்டிநின்ற குலம், தன் சந்ததியை அனுப்பும் அந்த ஒரு கணத்துக்கு மட்டும் வறட்சியைத் துணைக்கழைக்கிறது. வித்திப்பையைத் தாங்கிய காம்போ தன் காரியம் முடிந்ததும் வாடி வீழ்ந்துவிடுகிறது.

இக்குலத்தின் தொன்மையை எண்ணினால் மனம் வியப்பெய்தும். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் டெவோனியன் காலத்தின் பிற்பகுதிக்குரிய பாறைகளிலிருந்து, நடுநரம்பும் மெல்லிய சிறகும் உடைய நாடா வடிவத் தாவர எச்சங்களைப் பிரான்சிஸ் ஹூபர் என்பவர் 1961 ஆம் ஆண்டில் விவரித்தார். பின்னர் ருடொல்ப் ஷூஸ்டர் என்னும் ஈரலுருத் தாவர நிபுணர், இன்றைய பல்லவிசீனியாவோடு அவற்றுக்குள்ள ஒற்றுமையைக் கண்டு, பல்லவிசினைற்றிஸ் என்னும் பெயரை அவற்றுக்கு இட்டார். அப்பாறைகள் 37 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அக்காலத்தில் பூமியில் பூவில்லை; பறவை இல்லை; நாற்கால் உயிரினங்கள் நீரைவிட்டு நிலத்தை நாடத் தொடங்கியிருந்த காலம் அது. அன்றிருந்த உருவத்துக்கும் இன்று ஓடைக்கரையில் நாம் காணக்கூடிய உருவத்துக்கும் பெரிய வேறுபாடில்லை. எத்தனையோ பெருவிலங்குகளையும் பெருவனங்களையும் அழித்த பேரூழிகளை இந்நாடா கடந்து வந்திருக்கிறதென்றால், பூமியின் ஏதோவொரு மூலையில் நிழலும் அமிலக் கசிவும் ஒருநாளும் முற்றாக இல்லாது போகவில்லை என்பதே அதன் பொருள்.

இலங்கையில் இத்தாவரங்களைப் பற்றிய ஆராய்ச்சி பேராதனைத் தாவரவியற் பூங்காவைச் சார்ந்தே வளர்ந்தது. 1844 ஆம் ஆண்டில் அப்பூங்காவின் அதிபராகப் பொறுப்பேற்று 1849 ஆம் ஆண்டில் நுவரெலியாவில் மறைந்த ஜோர்ஜ் கார்ட்னரும், அவருக்குப்பின் முப்பதாண்டுகள் அப்பதவியை வகித்த துவெயிற்ஸும் தாவரங்களைச் சேகரித்து ஐரோப்பிய நிபுணர்களுக்கு அனுப்பினர். நம் நாட்டவராகிய பேராசிரியர் அபேவிக்கிரம 1959 ஆம் ஆண்டில் இலங்கையின் ஈரலுருத் தாவரச் சாதிகளை வகைப்படுத்திக் கட்டுரை வெளியிட்டமையும், 1978 ஆம் ஆண்டில் ஜான்சன் என்பவரோடு சேர்ந்து அவற்றின் இனப்பட்டியலைத் தொகுத்தமையும் பின்வந்தோர்க்கு அடித்தளமாயின. சிங்கராஜ வனமும், கடல்மட்டத்துக்கு மேலே 2,000 மீற்றருக்கு அதிகமான உயரத்திலுள்ள ஹோர்ட்டன் சமவெளியும் இத்தாவரங்களுக்குப் புகலிடமாயுள்ளன. 1988 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அச்சமவெளியிலிருந்தே மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பேராறுகளின் தலைநீர்கள் புறப்படுகின்றன. முகில் தவழும் காடுகளில் மரங்களையும் தரையையும் போர்த்தியிருக்கும் பாசிகளும் ஈரலுருத் தாவரங்களும் மழையையும் மூடுபனியையும் பிடித்துத் தாங்கி மெல்ல மெல்ல மண்ணுக்கு விடுகின்றன என்பதை, ஆபிரிக்காவின் உலுகுரு மலைகளில் ஹங்கேரி நாட்டு அறிஞர் தமாஷ் போச் அளவிட்டுக் காட்டினார். பெருவெள்ளமாக ஓடிவிட வேண்டிய மழையை ஆறாக மாற்றும் பணியில் இச்சிறு குடிகளுக்கும் பங்குண்டு.

இத்தனை தொன்மையும் திறமையும் வாய்ந்த செடி இன்று ஆபத்துக்கு அப்பாற்பட்டதா? அதற்குப் பெயரிட்ட இங்கிலாந்திலேயே சதுப்புகள் வடிக்கப்பட்டமையால் பல்லவிசீனியா லயெலி பல இடங்களிலிருந்து மறைந்து, அந்நாட்டின் பாதுகாப்புக்குரிய இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு வடிகால் வெட்டப்பட்டால், நிழல்தரும் மரமொன்று வீழ்த்தப்பட்டால், உரநீர் ஒருமுறை பாய்ந்தால், அவ்விடத்துச் செடி அடுத்த ஓடைக்கு ஓடித் தப்ப இயலாது. ரிக்சியாவைப் போல மண்ணுக்குள் ஒளிந்திருந்து நல்ல காலத்தை எதிர்பார்க்கும் வாழ்க்கையையும் அது மேற்கொள்ளவில்லை. ஆகவே ஓரிடத்தில் இத்தகைய தாவரம் செழித்திருப்பதைக் கண்டால், அவ்விடத்து ஈரமும் நிழலும் நீரின் தன்மையும் நெடுங்காலம் குலையாமல் இருந்திருக்கின்றன என்று நாம் துணிந்து கூறலாம். எந்தக் கருவியும் ஒரு நாளில் அளந்து சொல்ல முடியாத தொடர்ச்சிக்கு அது சாட்சியமாகிறது. ஒரு புறம்போக்குச் சதுப்பென்று நாம் ஒதுக்கும் நிலத்தின் சரித்திரத்தை அது தன் இருப்பினாலேயே உரைக்கிறது.

தோணாக்களையும் வில்லுகளையும் களப்பின் ஓரங்களையும் மண்ணிட்டு நிரப்பி மனைகளாக்கும் அவசரம் நமது கரையூர்களிலும் மிகுந்துவருகின்ற இக்காலத்தில், இப்படிப்பினை நமக்கு நேரடியாகவே உரியது. நமது நீர்நிலங்களில் வாழும் உயிர்கள் மலைநாட்டின் அமிலச் சதுப்பில் வாழ்பவற்றினின்றும் வேறானவை; ஆயினும் இரண்டையும் ஆளும் நியதி ஒன்றே. வெள்ளத்தை உள்வாங்கும் தாழ்நிலத்தை இழந்த ஊர் மாரிக்காலத்தில் எதை அனுபவிக்கிறதென்பதை சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் உள்ளோர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. நம் பாடசாலைகள் ஒவ்வொன்றிலும் உயிரியல் கற்கும் மாணவர் இருக்கின்றனர். பத்து மடங்கு பெருப்பிக்கும் ஒரு சிறு கண்ணாடியும், மழை ஓய்ந்த காலைப்பொழுதும், ஒரு குறிப்புப் புத்தகமும் போதும். எந்த வரம்பில், எந்தக் கிணற்றடியில், எந்த மாதத்தில் எவ்வினம் தோன்றி எப்போது மறைகிறதென்று ஆண்டுதோறும் குறித்துவரும் மாணவர் கூட்டம் ஒவ்வோரூரிலும் உருவாகுமாயின், இக்கரையின் ஈரத்தைப் பற்றிய நம்பத்தகுந்த சரித்திரமொன்று நம் கையாலேயே எழுதப்படும். பெரிய மரத்தைக் காப்பாற்றுவதற்கு அந்த மரத்தை மட்டும் வெட்டாமல் விட்டால் போதுமென்று நாம் எண்ணக்கூடும். ஒரு கலத் தடிப்புள்ள செடியைக் காப்பாற்ற வேண்டுமாயின் அது வாழும் நிலத்தையும், அந்நிலத்துக்கு வரும் நீரையும், அந்நீர் புறப்படும் மலையையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும். அவற்றைக் காப்பாற்றும் சமுதாயம் தன் வயலையும் தன் கிணற்றையும் காப்பாற்றிக்கொள்கிறது.